இருபத்தொரு தட்டும் ஆறு கப்பலும்

பிரவீன்,

ஹாஸ்டல் தண்ணீர் உப்பாக இருக்கிறதா, துண்டை ஈரத்தோடு பெட்டிக்குள் திணிக்கிறாயா என்று கேட்கத்தான் நான் தினமும் போன் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். நீ கோயம்புத்தூர் போய்ப் பதினோரு நாளாகிறது. பதினோரு நாளும் நான் சொல்ல எடுத்தது ஒன்று, பேசியது ஒன்று. "ம்ம், சரிம்மா, வெச்சிடட்டா" என்று நீ சொன்னதும் எனக்கு ஒரு நிம்மதி வரும், இன்றைக்கும் தப்பித்தேன் என்று. அந்த நிம்மதி எவ்வளவு கேவலமானது என்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷமாக அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன். நீயும் "சரி வுடும்மா" என்று முடித்துவிடுவாய். நீ அப்படி விட்டுவிடக் கூடாது. அதனால் எழுதுகிறேன். எப்போதோ எழுதியிருக்க வேண்டியது.

இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். நேற்று எழுதிப் பார்த்ததை உன் நைனா படித்துவிட்டு, "அவங்கிட்ட சொல்லு, நாயம்தான். ஊருக்கெல்லாம் இன்னாத்துக்கு?" என்றார். உன் முரளி மாமாவை, அக்கா பையனை ஆசை காட்டி ஏமாற்றியவன் என்று நாலு வீட்டில் பேசினார்கள். பேசும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அதற்குத்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று. உனக்குப் பதினொரு வயதில் முரளி மாமா சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது, கைப்பையில் சட்டைக்குள் சுருட்டி ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு விண்கலம், பாதி இரும்பு பாதி பிளாஸ்டிக், நிற்க வைக்க ஒரு கறுப்புத் தாங்கி. கூடவே வழவழப்பான தாளில் மெல்லிசாக ஒரு பத்திரிகை. ஏதோ டிவி தொடரில் பறக்கும் கப்பல்களாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கப்பல், ஒரு புத்தகம். மாமாவுக்கு அங்கே கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. "நான் கடல் கப்பல ஒட்டுறேன், மாப்ள. நீ வானக் கப்பல சேரு" என்றான். மறுநாள் மூன்று பேரும் செஞ்சிக் கோட்டைக்குப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? நீ கப்பலைக் கையில் தூக்கிப் பிடிக்க, அது ராஜகிரி உச்சியில் இறங்குவது மாதிரி தெரிய வேண்டும் என்று மாமா புல்லில் மல்லாந்து படுத்துப் படம் எடுத்தான். காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்து, "இன்னாப்பா, ஆளு வுழுந்துட்டாரா?" என்று கேட்டார். நீ சிரித்துச் சிரித்துக் கப்பலைக் கீழே போடப் பார்த்தாய்.

அதற்கப்புறம் ஊருக்கு வருகிற ஆள் யாராவது கிடைத்தால் மாமா இரண்டு மூன்றாகக் கொடுத்துவிடுவான். அவனுக்கு ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. மற்றவர்கள் தூங்குவார்கள், இவன் பழைய புத்தகக் கடைகளில் உன் எண்ணைத் தேடிக்கொண்டு அலைவான். பாத்திர அலமாரியில் ஒரு தட்டை நீ என்னிடம் கெஞ்சி வாங்கினாய். நான் எவர்சில்வர் அண்டாக்களைப் பரணில் ஏற்றினேன், முணுமுணுத்துக்கொண்டுதான். பெட்டி வந்தால் முதலில் கை கழுவுவாய். புத்தகத்தை முழுக்கப் படித்த பிறகுதான் கப்பலைத் தொடுவாய். "எதுக்குடா, பொம்மைய முதல்ல எடுத்துப் பாரேன்" என்றேன் ஒருநாள். "கப்பல் இருந்தா பாக்கலாம்மா. புக்கு இருந்தாத்தான் உள்ள போவலாம்" என்றாய். பி.எஸ்ஸி கணக்கு படித்தவள் நான். ஆனாலும் எனக்கு அது பொம்மையாகத்தான் இருந்தது. ஒருவருக்கு உயிராக இருக்கும் பொருளை அலட்சியமான ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிவிட்டால், பிறகு அதை எடுத்துக் கொடுத்துவிடுவது சுலபமாகிவிடும். நாளைக்கு உன்னோடு ஒரு அறையில் இருப்பவன் பழைய பஸ் டிக்கெட்டைச் சேர்த்தாலும் சரி, அவன் அதற்கு என்ன பேர் சொல்கிறானோ அந்தப் பேரையே நீயும் சொல்லு.

பதின்மூன்று எண் வரை சேர்ந்தது. அப்போதுதான் உன் தங்கச்சி யாழினிக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி, தாய்மாமன் சீர். மாமா வருவதாகத்தான் இருந்தான். ஒரு வாரம் இருக்கும்போது லீவு கிடைக்கவில்லை என்று போன் செய்தான். "நீயே எல்லாத்தயும் வாங்கி வெச்சிடுக்கா, நான் வந்தா மாரியே இருக்கட்டும்" என்றான். நான் பழம், இனிப்பு, பட்டுப்பாவாடை, வளையல் என்று பதினைந்து தட்டு சேர்த்துவிட்டேன். நன்றாகவே இருந்தது. ஆனால் அவலூர்பேட்டை செல்வி அத்தை, உன் நைனாவின் அக்கா, போனில் என்ன கேட்டாள் தெரியுமா? "எத்தினி தட்டு வருது? எங்க பொண்ணுக்கு இருபத்தொன்னு வெச்சாங்க." அவ்வளவுதான் கேட்டாள். அதில் குத்தல் இருந்ததா என்றுகூட இன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு அது ஊசியாக இறங்கியது. மாமன் வரவில்லை, தட்டும் குறைவு என்றால் என் பிறந்த வீட்டைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் மத்தியானம் ஏழுமலை அண்ணன் வந்தார். மாமாவின் அறையில் தங்கியிருந்தவர், லீவில் வந்திருந்தார். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். "பையனுக்கு முரளி குடுத்து வுட்டான்" என்று ஒரு பெரிய பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். பிரித்தேன். பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை, ஆறு பெட்டி. மேலே வெள்ளி எழுத்து, பளபளவென்று. புத்தகங்கள் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில். பதினைந்தும் ஆறும் இருபத்தொன்று. நான் கணக்குப் படித்தது அதற்குத்தான் உதவியது.

சத்தியமாகச் சொல்கிறேன், கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. தட்டில் வைத்துக் கண்ணாடித்தாள் சுற்றி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து கோவில் வரை மேளத்தோடு தூக்கிப்போய் வைத்துவிட்டு, சாயங்காலம் அப்படியே கொண்டுவந்து உன் அலமாரித் தட்டில் வைத்துவிடலாம், உனக்கு ஒரு ஆச்சரியமாக இருக்கும் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நீ இருந்தால் தட்டைப் பார்த்ததும் கத்துவாய். காதுகுத்து அன்றைக்கே விழுப்புரத்தில் உனக்கு அறிவியல் கண்காட்சி இருந்தது. தங்கச்சி காதுகுத்தை விட்டுப் போகக் கூடாது என்று நீ வாத்தியாரிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாய். நான்தான், "படிப்புதான்டா முக்கியம், நீ போயிட்டு வா" என்று அனுப்பினேன். நீ எத்தனை பேரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பாய்! "எங்கம்மா காதுகுத்தக்கூட வேணாம்னு சொல்லி அனுப்புச்சி." போன மாதம் கல்லூரி விண்ணப்பத்தில், உன்னை ஊக்கப்படுத்தியவர் யார் என்ற கேள்விக்கும் அதையே எழுதினாய். என்னிடம் படித்துக் காட்டினாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை. என்னை நல்லவள் என்று நீ நம்புவதற்கு ஆதாரமாக வைத்திருக்கும் அந்த ஒரு நாள், உன்னை வழியிலிருந்து விலக்கி வைக்க நான் செய்த வேலை.

பனமலை ஏரிக்கரைப் பக்கம், உங்கள் குலதெய்வக் கோவிலில், இருபத்தொரு தட்டும் வரிசையாக இறங்கியபோது எனக்குத் தலை நிமிர்ந்தது. என் பெரியப்பா மகன் ஒருவன் முரளிக்குப் பதிலாக உட்கார, அவன் மடியில் யாழினியை வைத்துக் காது குத்தி முடித்தார்கள். பிறகு செல்வி அத்தை ஒரு கண்ணாடித்தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? உன் தம்பி ராக்கெட்டு அனுப்பிகிறான்!"

"ஃபாரின் அயிட்டம் அண்ணி" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு.

"காது குத்துற பொண்ணுக்கு ராக்கெட்டா? அவ மேல போயி கம்மல் வாங்கியாரவா?" எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஒரு பெட்டி கிழிந்தது. நான் எழுந்தேன். "மாமன் சீரு, புள்ளைங்களுக்குப் பங்கு வெக்காம பூட்டியா வெப்ப?" என்றாள் அத்தை. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்த இடத்தில், "இது என் பையனோடது, வேற வழியில்லாம தட்டுல வெச்சேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இன்னொரு சிரிப்போடு போயிருக்கும். நான், "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. நெறைய இருக்குது" என்றேன். நிறைய இருக்கிறது என்று. பத்து நிமிஷத்தில் ஆறும் போய்விட்டது. பிறத்தியார் பொருளில் தாராளமாக இருப்பது எத்தனை சுலபம் என்று அன்றைக்குப் பார்த்தேன். நீ எதை வேண்டுமானாலும் அள்ளிக் கொடு, ஆனால் உன் கையில் இருப்பது உன்னுடையதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு கொடு.

சாயங்காலம் கண்காட்சியில் வாங்கிய பரிசோடு வந்தாய். மூன்றாம் நாள் கேட்டாய். "மா, ஏழுமலை மாமா கிட்ட குடுத்து வுட்டேன்னு முரளி மாமா சொன்னாரே, வந்துச்சா?" "இல்லியே" என்றேன், வெங்காயம் அரிந்துகொண்டே. மறுநாளும் கேட்டாய். "உன் மாமன் எதுனா சும்மா சொல்லியிருப்பான்டா." பார், ஒரே பையை வைத்து நான் இரண்டு பொய் சொன்னேன். சொந்தக்காரர்களிடம், என் தம்பி எல்லாம் அனுப்பினான். உன்னிடம், என் தம்பி எதுவும் அனுப்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மாமாவோடு ஸ்பீக்கரில் பேசியது எனக்கு வார்த்தை மாறாமல் இருக்கிறது. "அனுப்ப முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க மாமா. எதுக்குப் பொய் சொல்றீங்க?" பதின்மூன்று வயதுக் குரல், உடைந்தும் உடையாமலும். மாமா உடனே, "அம்மா கிட்ட குடுறா" என்றான். "அக்கா, ஏழுமலை குடுத்துட்டேன்னு சொன்னானே?" நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். "இல்லடா. வரல" என்றேன். மாமா, "சரி. அவங்கிட்ட குடு" என்றான். "மாப்ள, மாமாதான்டா மறந்துட்டேன். இங்க ரூம்லயே இருக்குது போல" என்றான். நீ போனை வைத்துவிட்டாய். மாமா என்ற வார்த்தை அதற்கப்புறம் உன் வாயிலிருந்து சரியாக வரவேயில்லை.

பிறகு அவன் இருபதாம் எண்ணை அனுப்பினான். நீ பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அலமாரியில் ஆறு கப்பலுக்கு இடம் விட்டு, பதினான்கு, பதினைந்து என்று துண்டுச் சீட்டு எழுதி ஒட்டி, அதற்கப்பால் அந்தப் பெட்டியை வைத்தாய். "இனிமே வேணாம்னு சொல்லிடும்மா" என்றாய். ஐந்து வருஷமாக அந்தக் காலி இடத்தை நான் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மாமா கல்யாணத்தில் அக்கா பையன் நீதான் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். நீ பந்தி பரிமாறும் இடத்திலேயே நின்றுகொண்டாய். மணவறையிலிருந்து அவன் உன்னைத் தேடிய பார்வையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, யாரோ பூ கேட்டார்கள் என்று நகர்ந்துவிட்டேன்.

பொய்யைக் காப்பாற்ற எத்தனை சின்ன வேலைகள் செய்ய வேண்டியிருந்தது தெரியுமா! காதுகுத்துப் படங்களை என் போனிலிருந்து அழித்தேன். இத்தனை வருஷமும் உன்னை அவலூர்பேட்டைக்கே கூட்டிப்போகவில்லை; ஒவ்வொரு முறையும் உனக்கு டியூஷன். போன வருஷம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவில் ஏறப்போன உன் கையைப் பிடித்து இழுத்து நெரிசல் பஸ்ஸில் ஏற்றினேனே, "ஆட்டோ சும்மாதானம்மா நிக்குது" என்று எரிந்து விழுந்தாயே! அது செல்வி அத்தையின் மூத்த மகன் ஓட்டும் ஆட்டோ. முன்கண்ணாடிக்குக் கீழே, சந்தனம் குங்குமம் வைத்து, உன் பதினாறாம் எண் கப்பல் ஒட்டியிருந்தது.

நீ கோயம்புத்தூர் போன மறுநாள் நானே அந்த ஆட்டோவில் ஏறினேன். விஷயத்தைச் சொல்லி, திருப்பித் தா என்று கேட்டேன். பையன் பயந்துவிட்டான். "அத்த, வேற எது வேணா கேளு. இது ராசியான கப்பலு. இது இருக்கறதால ஒரு கீறல் வுழுந்ததில்ல வண்டிக்கு" என்றான். அவனிடம் பிடுங்க எனக்கு என்ன உரிமை? செல்வி அத்தையிடமும் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் ஷோகேஸைத் திறந்து இரண்டு கப்பலை எடுத்து என் கையில் வைத்து, "நான் சும்மா கேட்டேன்டி தட்டு எத்தினின்னு. அதுக்கா புள்ள பொருள எடுத்து வெச்ச?" என்றாள். ஒன்றில் இறக்கை ஒட்டுப் போட்டிருக்கிறது. மற்ற மூன்று எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

புத்தகங்கள் ஆறும் பத்திரமாக இருக்கின்றன. என் கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில்தான் இத்தனை வருஷமும் இருந்தன. இந்தப் பதினோரு நாளில் அவற்றைப் படித்தேன். ஒரு கப்பல் கதையில் இரண்டு நொடி வந்து வெடித்துவிடுமாம். அந்த இரண்டு நொடிக்காக ஒருவர் பல வாரம் வரைந்து, வேண்டாம் என்று தள்ளிய படங்களையும் சேர்த்தே அச்சிட்டிருக்கிறார்கள். இன்னொன்றைப் பழைய சவர ரேசர், பொம்மை டாங்க் இவற்றின் துண்டுகளை ஒட்டிச் செய்தார்களாம். நீ எதை நேசித்தாய் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது, அதுவும் பாதிதான் புரிகிறது. ஆறு புத்தகமும் இரண்டு கப்பலும் இந்தக் கடிதத்தோடு கூரியரில் வருகின்றன. ஊருக்கு வரும் மாமாவை முதலில் இங்கே வரச் சொல்லி, அவனிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். அவன் கையால் வந்தால் அவன் ஏதோ ஈடு கட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

முந்தாநாள் மாமாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், "தெரியும்க்கா" என்றான். "காதுகுத்து அன்னிக்கே செல்வி அக்கா ஊட்லேந்து போட்டோ அனுப்பிச்சாங்க. தட்டுல கப்பலு."

"அப்ப அன்னிக்கு போன்ல வந்துச்சான்னு ஏன்டா கேட்ட?"

"நீ சொல்லுவியான்னுதான்."

"நீயாவது அவங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா அவன் உன்னக் கேப்பான். ஊடு முழுக்க கேக்கும். நீ அங்க இருக்கணும் இல்ல?" என்றான். பிறகு, "அஞ்சு வருசம் ஆவும்னு நெனைக்கலக்கா. ரெண்டு நாள்ல நீயே சொல்லிடுவேன்னு இருந்தேன்" என்றான்.

எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை பிரவீன். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபத்தொன்று. எல்லாரும் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற பயத்திலேயே உன்னை வளர்த்துவிட்டேன். அந்தப் பயம் உனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்று உன் வாய் ஒன்றைச் சொல்லத் தயங்கும்போது, அதை அப்போதே சொல்லிவிடு. இரண்டு நாள் தள்ளினால் அது ஐந்து வருஷம் தள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்கே விமானம் பிடித்து வருகிறான். பத்து மணிக்கு உன் ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே நிற்பான். உனக்குத் தெரியப்படுத்துகிறேன் என்று அவனிடம் சொன்னேன். நீ வருவாய் என்று சொல்லவில்லை, அந்த வாக்கைக் கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை. "வரலன்னா ஒரு மணி நேரம் நின்னுட்டு செஞ்சிக்கு பஸ் ஏறிடறேன்க்கா, பையன ஒண்ணும் சொல்லாத" என்றான். என் மேல் உனக்கு வரும் கோபத்தை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திரு. என் போனை எடுக்காமல் இரு. தீபாவளிக்கு வராமல் இரு, வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் காரணம் சொல்லிக்கொள்கிறேன், இந்த முறை உண்மையான காரணம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீ என்ன செய்துகொண்டிருந்தாலும் அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போ. என்னைப் பற்றி அங்கே பேச வேண்டாம். அவன் பேசத் தொடங்கும் முன்னால் நீ மாமா என்று கூப்பிடு.

அம்மா